சுவர் விரிசல்ல பூத்திருக்கே, அது யார் வீட்டுச் செடி?

யாரும் விதைக்காம, யாரும் தண்ணி ஊத்தாம புல்தரையிலயும் சுவர் விரிசல்லயும் பூத்து நிக்குற செடிகளைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர், திருப்பத்தூர் மாவட்டத்துல ஜவ்வாது மலை மேல இருக்கிற புதூர்நாடு. ஆனா நான் சொல்லப்போற செடிங்க உங்க அபார்ட்மென்ட் காம்பவுண்டுலயும் இருக்கும்.

'காட்டுப்பூ'ன்னு நாம பொத்தாம்பொதுவா சொல்றதுல மூணு வகை இருக்கு. ஒண்ணு, தும்பை மாதிரி இந்த மண்ணோட செடி. ரெண்டாவது, அழகுக்காகத் தோட்டத்துல வெச்சு, வேலி தாண்டி ஓடினது. மூணாவது, தானியத்தோடயோ சேத்தோடயோ ஒட்டிக்கிட்டு வந்தது. போட்டோ எடுத்து ஆப்ல போட்டா ஒரு பேர் வந்துடும். அது சரியான்னு சோதிக்க நாமதான் குனிஞ்சு பார்க்கணும். பூவை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். தண்டு, இலை, விதை இந்த மூணையும் பாருங்க.

ரெண்டு வெள்ளைப் பூ

புல்தரையில இருந்து ஆரம்பிக்கலாம். நீளமான காம்பு, அதோட நுனியில ஒத்தைப் பூ, நடுவுல மஞ்சள், ஓரத்துல சின்னச் சின்ன வெளிர் இதழ்கள். சின்ன வயசுல கட்டை விரலால சுண்டித் தலையைப் பறக்க விட்டிருப்போமே, அதேதான். வெட்டுக்காயப் பூண்டு. அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. விதைக்குப் பாராசூட் மாதிரி மயிர்க்கொத்து இருக்கும், காத்துல பறந்து எந்தச் சுவருக்கும் போயிடும்.

பார்த்தீனியத்துக்கும் வெள்ளைப் பூதான். ஆனா பொடிப்பொடியா, கிளை நுனியில கொத்தா இருக்கும். இலை கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டா இருக்கும். 1950-கள்ல புனே பக்கம் கண்ணுல பட்ட செடி, இன்னைக்கு நாடு முழுக்க இருக்கு. சிலருக்குத் தோல் அரிப்பு, மூச்சுத்திணறல் வரும். வெறுங்கையால பிடுங்காதீங்க. கையுறை போட்டு, பூக்கிறதுக்கு முன்னாடியே வேரோட எடுக்கணும்.

மலையேறின வேலிச்செடி

இப்போ மலைக்குப் போவோம். உண்ணிச்செடி தெரியும்ல? ஒரே கொத்துல மஞ்சளும் ரோஸும் கலந்து பூக்குமே, அது. 1800-களின் தொடக்கத்துல கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியா வந்தது. கறுப்புப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்னு, எச்சத்தோட விதையைப் போட்டுச்சு. காடு வரைக்கும் போயிடுச்சு.

தண்டை விரலால உருட்டிப் பாருங்க, நாலு பட்டையா இருக்கும். தும்பைக்கும் தண்டு அப்படித்தான். ஆனா உண்ணிச்செடி புதர், முள் குத்தும், இலை சொரசொரன்னு இருக்கும், கசக்கினா நெடி அடிக்கும். தும்பை முழங்கால் உயரத்துக்குள்ள நிக்குற சின்னச் செடி, முள்ளே கிடையாது.

மாடு மேய்க்கிற ஊருக்கு இந்த வித்தியாசம் சாதாரண விஷயம் இல்ல. புல் வளர வேண்டிய இடத்தை உண்ணிச்செடி பிடிச்சுக்கும். தீவனம் இல்லாம அதோட இலையைத் தின்ன மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெந்துபோகும்.

சுவர்ல நித்தியகல்யாணி

கடைசியா, சிமெண்ட் விரிசல்ல ரோஸ் கலர்ல அஞ்சு இதழோட சிரிக்குமே, நித்தியகல்யாணி. சொந்த ஊர் மடகாஸ்கர். பளபளன்னு இலை, ஜோடி ஜோடியா இருக்கும். மெல்லிசான காய்க்குள்ள பொடிக் கறுப்பு விதை. அதை எறும்பு இழுத்துட்டுப் போய் விரிசல்ல போட்டுடும்.

"சுகருக்கு நல்லது"ன்னு இதோட இலையைக் கஷாயம் வைக்கிறவங்க உண்டு. அங்கதான் எனக்குப் பயம். ஜமைக்காவுலயும் அப்படிக் குடிச்சாங்க. அதைக் கேள்விப்பட்டு 1950-கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேர் சோதிச்சாங்க. விலங்குகளுக்கு இலைச்சாறு கொடுத்தப்போ, சர்க்கரைக்குப் பதிலா ரத்த வெள்ளை அணுக்கள் சரிஞ்சது. அந்த வழியில கிடைச்ச வின்பிளாஸ்டின் இன்னைக்குப் புற்றுநோய் மருந்து. இதே செடியில இருந்து வர்ற வின்கிரிஸ்டினைக் குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கறாங்க. டாக்டர் அளந்து ஏத்துறது வேற, நாம நாலு இலை பறிச்சுக் கொதிக்க வைக்கிறது வேற. வீட்ல யாராவது குடிச்சா, உடனே டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.

அதனால பேர் தெரிஞ்ச உடனே வாயில வைக்காதீங்க, பேர் தெரியாததாலயே பிடுங்கியும் போடாதீங்க. பார்த்தீனியத்தை எடுங்க. உண்ணிச்செடியை வேலியா வைக்காதீங்க. நித்தியகல்யாணி அழகுக்கு இருக்கட்டும். தும்பை முளைச்சா விட்டுடுங்க, தேனீ வரும். நாளைக்குக் காலையில உங்க வீட்டுச் சுவரை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.