இலண்டனில் எங்கே தங்குவது?

இலண்டன் ஒரு நகரமன்று. பல ஊர்கள் பெருகி வளர்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட ஒரு தொகுதி. கென்சிங்டனும் ஹாம்ஸ்டெட்டும் ஒரு காலத்தில் வயல்வெளிகளின் நடுவே தனித்திருந்த சிற்றூர்களே. ஆகையால், இலண்டனில் தங்கப்போவதாக ஒருவர் கூறுவாராயின், அவர் கூறியது பாதிச் செய்திதான். எந்த இலண்டனில் என்பதே வினா.

முதன்முதலாக அங்கே செல்வோர் வாடகையை மட்டும் நோக்கி விடுதியைத் தெரிவுசெய்வது வழக்கம். அதற்கு முன்னர் நகரப்படத்தை நோக்குதல் நன்று. 1863ஆம் ஆண்டிலே பாடிங்டனுக்கும் பரிங்டனுக்கும் இடையே ஓடத்தொடங்கிய நிலக்கீழ் ரயில் இன்று நகரெங்கும் கிளைவிட்டிருக்கிறது. அதன் கட்டணம் வலயங்களைக்கொண்டு கணிக்கப்படுகிறது. நகரின் நடுப்பகுதி முதலாம் வலயம். ஹீத்றோ விமான நிலையம் ஆறாம் வலயம். வெளிவலயத்தில் அறை மலிவுதான். ஆனால், வளர்ந்தோர் நால்வர் நாள்தோறும் போய்வரச் செலவிடும் கட்டணத்தையும், வழியிலே கழியும் நேரத்தையும் கூட்டிப்பார்த்தால், அந்த மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டிவரும். நிலையத்துக்கு அண்மையில், இரண்டாம் வலயத்தில் அமைந்த எளிய விடுதியே பலருக்கும் ஏற்றது.

ஹீத்றோவில் இறங்குவோர்க்குப் பிக்கடில்லி ரயில்பாதை பெருந்துணை. 1977 முதல் அது விமான நிலையத்தைத் தொட்டு நிற்கிறது. ஏர்ள்ஸ் கோர்ட், தென் கென்சிங்டன், ரசல் சதுக்கம் ஆகிய இடங்களுக்கு வண்டி மாறாமலே செல்லலாம். 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதை பாடிங்டனுக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கிறது. பெரிய பெட்டியுடன் படியேறி இறங்கியவர்க்கே இதன் அருமை விளங்கும். மின்னுயர்த்தி இல்லாத நிலையங்கள் அங்கே இன்னும் பல.

விடுதிகளுக்கும் இதே கதை. புளூம்ஸ்பரியிலும் பாடிங்டனிலும் உள்ள சிறு விடுதிகள் பல, சென்ற நூற்றாண்டுகளிற் குடும்பங்கள் வாழ்வதற்கெனக் கட்டிய வரிசை வீடுகள். முகப்பு அழகானது, உள்ளே படிக்கட்டு ஒடுங்கியது, செங்குத்தானது. மூட்டுவலியுள்ள தாயாரை அழைத்துச் செல்பவர், மின்னுயர்த்தி உண்டா, அறை எத்தனையாம் மாடியில், குளியலறை தனியானதா என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். குளியலறை விடயத்தில் ஆடம்பர மாளிகைகளும் தவறியதுண்டு. செயின்ற் பாங்கிராஸ் நிலையத்தின் முன்னே 1873இல் திறக்கப்பட்ட பெருவிடுதியில் அறைகள் ஏராளம். குளியலறைகளோ மிகச் சில. அது 1935இல் மூடப்பட்டு, நெடுங்காலம் அலுவலகமாயிருந்து, 2011இலேயே மீண்டும் விடுதியாயிற்று.

எங்கே தங்குவது என்பது ஒருகாலத்தில் விருந்தினர் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 1943ஆம் ஆண்டு, மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் லியரி கொன்ஸ்டன்டைன், லோர்ட்ஸ் மைதானத்தில் விளையாடுவதற்காக, ரசல் சதுக்கத்து ஹோட்டலொன்றிலே மனைவி மகளுடன் நான்கு இரவுகளுக்கு இடம் ஒழுங்கு செய்திருந்தார். வந்திறங்கியதும், ஓர் இரவுக்குமேல் தங்கவொண்ணாது என்றனர். அமெரிக்க விருந்தினர் கறுப்பினத்தவரோடு தங்க விரும்பார் என்பதே காரணம். அவர் வழக்குத் தொடுத்தார். தக்க காரணமின்றி வழிப்போக்கரை மறுத்தல் விடுதியாளர்க்கு ஆகாது என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். 1944இல் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்த்தது. நட்டஈடு ஐந்து கினி மட்டுமே. ஆயினும் அத்தீர்ப்பின் பெறுமதியைக் கினிகளால் அளக்கலாகாது. 1950களில் வாடகை அறை தேடிச் சென்ற ஆசிய, ஆபிரிக்க மாணவர் கண்டது, நிறத்தவர்க்கு இடமில்லை என்ற அறிவித்தல்களை. 1965இன் இன உறவுச் சட்டம் ஹோட்டல்களிலும், 1968இன் சட்டம் வீடு வாடகையிலும் அவ்வேற்றுமையைத் தடைசெய்தன.

கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் சில பயணிகளுக்கும் அறை தருகின்றன. சிக்கனமாகத் தங்க விரும்புவோர்க்கு இது நல்வாய்ப்பு. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளிப் பகுதிகளில் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்வதால், உறவினர் வீட்டில் இறங்குவோரும் உளர். அங்கே இடியப்பமும் சம்பலும் கிடைக்கும். அரும்பொருட்சாலைக்குச் செல்லவோ நெடுநேரம் ரயிலில் இருக்கவேண்டும்.

பருவத்தையும் மறத்தலாகாது. யூன் மாதத்திலே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிற்கும். சற்றுத் தொலைவில் தங்கினாலும் உலாவித் திரும்பலாம். டிசம்பரிலோ நான்கு மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். மழைத்தூறலில், இருளில், அறியாத தெருவிலே விடுதியின் இலக்கத்தைத் தேடி நிற்பதிலும், நிலைய வாயிலுக்கு எதிரேயுள்ள அறைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதே மேல்.