சிறு பதிவுகளைக் கொண்டு மாம்பழம் விற்றல்

மாமரத்திற்கு எருவிடுவது எப்படி, தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது எப்படி என்பன குடியானவர் அநேகருக்குத் தெரியும். காய்த்ததை விற்பது எப்படி என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோர் மண்டியின் பக்கம் கையைக் காட்டுகின்றனர். 2025-ஆம் வருஷப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெங்களூரா என்று வழங்கும் தோத்தாபுரிக்கு விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாதென்று காயை மரத்திலேயே விட்டுவிட்டவர்களும் உண்டு. தோத்தாபுரி கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் காயாதலால் அதன் விலைக்கு இக்கட்டுரையில் பரிகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் இமாம்பசந்து, பங்கனபள்ளி, செந்தூரா, மல்கோவா முதலிய, வீட்டில் அறுத்துத் தின்னும் ஜாதிகளை வைத்திருப்போர், தமது விளைவில் ஒரு பாகத்தையேனும் கைப்பேசியின் மூலம் நேரே பட்டணத்துக் குடும்பங்களுக்கு விற்கலாம். அதற்கு வேண்டுவது பெரிய விளம்பரமன்று. நாலைந்து வரியுள்ள சிறு பதிவே.

சுருங்கச் சொல்லி ஊரைக் கூட்டுவது நமக்குப் புதிதன்று. தண்டோராப் போட்டவர் நின்று பிரசங்கம் செய்ததில்லை. என்ன, எங்கே, எப்பொழுது என்று மூன்றே சொல்லி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். (அவ்வழக்கத்தை நிறுத்தும்படி 2022-ஆம் வருஷத்தில் நமது அரசாங்கத்தார் கலெக்டர்களுக்கு எழுதினர். அத்தொழிலில் மனிதருக்கு ஏற்பட்ட இழிவைக் கருதினால் அது நியாயமே.) மேனாட்டிலும் இம்முறையின் பலனைக் காட்டும் திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 2008-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ராய் சோய் என்னும் சமையற்காரரும் அவர் கூட்டாளிகளும் கோகி என்ற பெயரால் ஒரு லாரியில் கொரிய நாட்டு இறைச்சியை மெக்ஸிகோ நாட்டு ரொட்டியில் வைத்து விற்கத் தொடங்கினர. லாரிக்கு நிலையான இடமில்லை. ஆகையால் இன்ன தெருவில் இத்தனை மணிக்கு நிற்போம் என்று ட்விட்டரில் எழுதினர். ஜனங்கள் வண்டியை எதிர்பார்த்து வரிசையில் நின்றனர். அக்காலத்தில் ட்விட்டரில் 140 எழுத்துக்களுக்குமேல் இடமில்லை. குறுஞ்செய்தியின் 160 எழுத்துக்களில் 20-ஐ எழுதுவோர் பெயருக்கு ஒதுக்கியதால் வந்த கணக்கு அது. 2017-ஆம் வருஷம் நவம்பரில் அது 280 ஆயிற்று. 2023-ஆம் வருஷத்தில் எக்ஸ் என்று பெயரும் மாறிற்று. தமிழில் எழுதுவோர் ஒன்று கவனிக்கவேண்டும். ‘கி’ என்னும் எழுத்தை அங்கே இரண்டாக எண்ணுகின்றனர். ஆகவே நமக்கு இடம் இன்னும் குறைவு.

எனினும் நம் குடியானவருக்கு எக்ஸைவிட வாட்ஸ்அப்பே உபயோகமானது என்பது என் அபிப்பிராயம். பழம் வாங்கும் குடும்பத்தார் யாவரும் அதில் இருக்கின்றனர். அதன் ஸ்டேட்டஸில் இடும் பதிவு 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இது குறையன்று, பழைய விலையைக் காட்டி யாரும் வாதாட இயலாது. ஆனால் நாம் அவர் எண்ணையும் அவர் நம் எண்ணையும் பதித்துக்கொண்டிருந்தாலன்றி அப்பதிவு அவர் கண்ணில் படாது. ஆகையால் முதற்காரியம், பெட்டியின்மேல் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, ‘இவ்வெண்ணைப் பதித்துக்கொள்ளவும்’ என்று எழுதுவதே. ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்னும் சிறு சலனப் படங்கள் 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டிக்டாக் தடுக்கப்பட்டபின் மிகவும் பரவின. தோப்பையும் பறிப்பையும் காட்ட அவை ஏற்றவை. பாட்டுக்கு ஆடிக் காட்டுவதைப் பல்லாயிரவர் பார்ப்பர். பெட்டி கேட்போர் பத்துப் பேரும் இரார்.

எனது சரகத்தில் மூன்று ஏக்கர் இமாம்பசந்துத் தோப்புடைய ஒருவரின் அநுபவத்தை இங்கே விரித்துச் சொல்லுகிறேன். அதில் என் பிழையும் சேர்ந்திருக்கிறது. வருஷாவருஷம் பூப்பதற்கு முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கிக்கொள்பவர் அவர். ஒரு வருஷம் கல்லூரியில் படிக்கும் மகளின் பேச்சைக் கேட்டுக் குத்தகைக்காரரைத் திருப்பியனுப்பிவிட்டார். மகளின் சம்பளம் ஆடியில் கட்டவேண்டும். கையில் வேறு பணமில்லை. படம் கண்ணைக் கவரவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு பொன்னிறப் பழத்தின் படத்தை எடுத்து, தேனினும் இனியது, உலகத்தரமானது என்றெழுதிப் பதிவிட்டாள். இரண்டு நாளில் 40 பெட்டிக்குப் பணம் வந்தது. முற்றிய காயைப் பறித்துப் பச்சையாகவே அனுப்பினர். அனுப்பவேண்டிய முறையும் அதுதான். ஆனால் பழுக்க நாளாகும் என்பதைப் பதிவிலும் எழுதவில்லை, பெட்டியிலும் எழுதவில்லை. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அம்மாள் வந்தவுடனே அறுத்துப் பார்த்து, வெளுத்த சதையைப் படமெடுத்து, ஏமாற்றுவேலை என்று தம் குழுவில் போட்டுவிட்டார். அன்று மாலைக்குள் 11 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர்.

அவர் என்னிடம் வந்து, “ஐயா, காயில் குற்றமில்லையே, இதற்கு நான் என்ன செய்வேன்?” என்றார். “குற்றம் காயில் இல்லை, நாம் எழுதியதில் இருக்கிறது, படம் நம் மரத்துப் பழமா?” என்றேன். அவர் பேசவில்லை. கேட்டவர் யாவருக்கும் அன்றிரவே பணத்தைத் திருப்பிவிட்டார். மறுநாள் முதல் தம் வீட்டு வைக்கோலில் அடுக்கிய அதே பறிப்புக் காய்களை, முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று படமெடுத்து, ‘உங்கள் பெட்டியும் இன்று இப்படியிருக்கவேண்டும்’ என்ற ஒரே வரியோடு பதிவிட்டனர். ஐந்தாம் நாள் அறுத்துக் காட்டினர். முதலில் குறைகூறிய அம்மாளே அப்பதிவைத் தம் குழுவில் எடுத்துப் போட்டாராம். பதினொருவரில் 6 பேர் மறுபடியும் பணம் அனுப்பினர், மற்றவர் வரவில்லை.

அதன்பின் அவர்கள் எழுதும் பதிவு இவ்விதம் இருக்கிறது:

‘இமாம்பசந்து. எங்கள் மரத்தில் முற்றியது. திங்கட்கிழமை காலை பறிப்பு. 5 கிலோப் பெட்டி, 30 மட்டும். காயாக வரும், வைக்கோலிலோ காகிதத்திலோ வைத்தால் 5 முதல் 7 நாளில் பழுக்கும். பழக்கிரயம், அனுப்புக்கூலி தனித்தனி. ஞாயிறு இரவு 8 மணிவரை பதிவு.’

இதில் புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. ‘30 மட்டும்’ என்பது உண்மையாயிருக்கவேண்டும். முப்பது என்றெழுதி ஐம்பது பெட்டி அனுப்பியவரை அடுத்த வாரம் எவரும் நம்பார். தீர்ந்தவுடன் ‘தீர்ந்தது, அடுத்த பறிப்பு வியாழன்’ என்று எழுதுவதும் ஒரு விளம்பரமே. மழை பெய்து பறிப்புத் தள்ளிப்போனால் நனைந்த தோப்பைப் படமெடுத்து அதையும் எழுதவேண்டும். மாலையில் வேலை முடிந்து வீட்டார் கைப்பேசியைப் பார்க்கும் நேரத்தில் இடும் பதிவுக்கே விசாரணை அதிகம் வருவதாக அவர் சொல்லுகிறார்.

பதிவு எவ்வளவு நன்றாயிருப்பினும் பெட்டியைத் திறந்தால் கறைபட்ட காய் இருக்கலாகாது. காம்பின் இருபுறமும் தோள் பருத்து, தண்ணீரிலிட்டால் மூழ்கும் காயையே பறிக்கவேண்டும், மிதப்பது முற்றாதது. காம்பைச் சிறிது விட்டுப் பறித்து, பிறகு கத்தரித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடவேண்டும். பால் பட்ட இடத்தில் தோல் வெந்து கறுக்கும். இரண்டு அடுக்குக்குமேல் வையாமல், இடையில் வைக்கோலோ காகிதத் துண்டோ இட்டு, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் கட்டுவது உத்தமம்.

சட்ட விஷயத்தில் சில வார்த்தைகள். கார்பைடுக் கல்லால் பழுக்கவைத்தல் 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி விலக்கப்பட்டது. எத்திலீன் வாயு 100 பி.பி.எம். அளவுவரையில் அநுமதியுண்டு; எத்திலீன் பொட்டலம் பழத்தின்மேல் நேராகப் படலாகாது. ‘கல் வைக்காதது’ என்று பதிவில் எழுதுவோர் அது உண்மையென்று காட்டவும் ஆயத்தமாயிருக்கவேண்டும். தக்க அத்தாட்சி பெறாதவர் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையை உபயோகிக்கலாகாது. மிகுந்த காயை ஊறுகாயாகவோ ரசமாகவோ செய்து விற்க விரும்புவோர், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் பதிந்து 14 இலக்க எண் பெற்று அதைச் சீட்டில் அச்சிடவேண்டும்.

மோசக்காரரும் இப்பதிவுகளைப் படிக்கின்றனர். பட்டாளத்து முகாமுக்கு ஐம்பது பெட்டி வேண்டுமென்று பேசி, பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கட்டப்படத்தை அனுப்பி, அதைக் கைப்பேசியில் காட்டி இரகசிய எண்ணை இடச் சொல்லுவர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை. அதை இட்டால் நம் கணக்கிலிருந்தே பணம் போகும். ஏமாந்தவர் நாள் கடத்தாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்வெண்ணைச் சாவடியில் எழுதிவைப்பது பெரிய உபகாரம். ஊர்க்குழுவில் இன்னார் தோப்பில் இன்ன நாள் பறிப்பு என்ற பட்டியலையும் அவர்கள் நடத்தினால், ஒரே நாளில் எல்லோரும் பெட்டி கட்டிப் பஸ் பார்சலில் இடமின்றித் திண்டாடுவது குறையும்.

மேற்சொன்ன குடியானவர் இப்பொழுது தோப்பில் பாதியைக் குத்தகைக்கு விட்டு, மற்ற பாதியைத் தாமே விற்கிறார். முழுவதையும் பெட்டியில் விற்க ஆள்கட்டு இல்லையென்று அவர் சொல்வது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. பெட்டி கட்டும் முறையையும் பதிவெழுதும் முறையையும் நேரில் காண விரும்புவோர் பறிப்புக்குப் பத்து நாள் முந்தியே தம் வட்டாரத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் தெரிவிக்கலாம். வரும்போது தம் மரத்துக் காய் இரண்டைக் கொண்டுவரவேண்டும்.