குவாய் நதிப் பாலம்: திரையிற் கண்டதும் காணாததும்

உலகப் புகழ் பெற்ற போர்ப் படங்களுள் ஒன்று நம் நாட்டு மண்ணிலேயே எடுக்கப்பட்டதென்பதை மாணவருட் பலர் அறியார். டேவிட் லீன் நெறிப்படுத்த, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படமே அது. அதிலே சீயத்துக் காடாகத் தோன்றுவது கிதுல்கலையிற் களனி கங்கை பாயும் பள்ளத்தாக்கு. பேராதனைப் பூந்தோட்டமும் இராணுவ நிலையமாக வந்து போகின்றது. ஏழு ஒஸ்கார் பரிசில்களைப் பெற்ற இப்படத்தை மாத்தளையில் எம் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை காட்டினேன். படம் முடிந்ததும், தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், “சேர், இவர்கள் பாலத்தை மட்டுந்தானே கட்டினார்கள்? அதற்கு அப்பாலுள்ள பாதைக்குக் காட்டை வெட்டியது யார்?” என்று வினவினான். அன்று அவனுக்கு நான் அளித்த விடை அரைகுறையானது.

படத்தின் கதை சுருக்கமாக இது. யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர் புகையிரதப் பாதைக்குப் பாலம் அமைக்க ஏவப்படுகின்றனர். அவர்தம் தலைவன் கேணல் நிக்கல்சன், அதிகாரிகள் கூலிவேலை செய்யார் என வாதாடி, வெயிலிற் காயும் தகரக் கூட்டில் அடைபட்டும் பணியாது வெல்கின்றான். வென்றபின், படையினரின் கட்டொழுங்கைக் காக்கும் பொருட்டுப் பகைவனுக்கே சிறந்ததொரு பாலத்தைக் கட்டிக் கொடுத்து, அதன்மீது பித்துக் கொள்கின்றான். அலெக் கின்னஸ் இப்பாத்திரத்தை நடித்த திறம் மறக்கவொண்ணாதது.

இனி மெய்ந்நிகழ்ச்சியை நோக்குவோம். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1943 ஒக்டோபர் வரை, சீயத்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான பாதை அமைக்கப்பட்டது. 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அதில் உழைத்தனர்; 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். படத்திலே கந்தலாடை உண்டு. ஆனால் கந்தலுக்குள் இருக்கும் உடல்கள் பெரும்பாலும் உணவுண்ட உடல்கள். எலும்பு தெரியப் புரையோடிய கால் புண், வயிற்றுளைவு, மலேரியா, மாரி மழையோடு வந்த வாந்திபேதி ஆகியவை கைதியின் அன்றாட வாழ்வு. யப்பானியப் பொறியியலாளர் அறிவிலிகள் என்று காட்டுவதும் பிழையே. பாதையைத் திட்டமிட்டவர் அவர்களே. யாவாவிலிருந்து இரும்பு உத்திரங்களைக் கொணர்ந்து பாலத்தை அமைத்தவரும் அவர்களே.

நிக்கல்சனைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். மெய்யான பாலம் கட்டப்பட்ட தமர்க்கான் முகாமிற் பிரித்தானியரின் தலைவராயிருந்தவர் லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி. அவரும் கட்டொழுங்கை வற்புறுத்தினார். ஆயின் அது பாலத்தின் பெருமைக்காகவன்று. கழிவிடங்கள் துப்புரவாயிருக்கவும், நோயாளிக்கு உணவு கிடைக்கவும், தம்மவர்மீது விழும் அடி குறையவுமே யப்பானியரோடு பேசி நடந்தார். மறைவில் அவருடைய படையினர் கறையான்களைத் திரட்டி மரத்தூண்களில் விட்டனர். கொங்கிறீற்றைக் கெடும்படி கலந்தனர். ஆதலின் நிக்கல்சனைக் கண்ட முன்னாட் கைதிகள் சினந்ததில் வியப்பில்லை. மூலநாவலை எழுதிய பியர் பூல் அம்முகாம்களிற் கைதியாயிருந்தவரல்லர். அவர் மலாயாவில் இறப்பர்த் தோட்டத்திற் பணியாற்றிய பிரெஞ்சுப் பொறியியலாளர்.

படத்தின் முடிவிலே பாலம் வெடித்துச் சிதறுகின்றது. நாவலிற்கூடப் பாலம் தப்பிவிடுகின்றது. மெய்யான பாலத்தை 1944, 1945ஆம் ஆண்டுகளில் நேச நாட்டு விமானங்களே தாக்கின. அருகே முகாமிலிருந்த கைதிகளுட் சிலர் தம் தோழரின் குண்டுகளுக்கே இரையாயினர். அவர்கள் சிறைக்குள்ளிருந்து கண்ட போர் அதுதான். இன்னொரு வேடிக்கையுமுண்டு: பாலம் நின்ற ஆறு மே குளோங். படத்தைக் கண்டு வந்த பயணிகளின் பொருட்டு, 1960 அளவில் அவ்வாற்றின் மேற்பகுதிக்குக் குவாய் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். காட்டை வெட்டியவருட் பெரும்பாலோர் படையினரல்லர். மலாயர், பர்மியர், யாவானியர், தமிழர் எனப் பல இனத்தார் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அப்பாதையில் வருந்தினர். இறந்தோர் 80,000 முதல் 90,000 வரை என மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோருள் இறப்பர்த் தோட்டத் தமிழரே மிகப் பலர். போரால் இறப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினி கிடந்த வேளையில், சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தனர். பின்னர் வலிந்தும் பிடித்தனர். மனைவி மக்களோடு சென்றவருமுண்டு. படையினருக்கு முகாமிலே தம் மருத்துவரும் அதிகாரியும் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். தமிழர் முகாம்களிற் பெரும்பாலும் அவ்வாறு எவருமிலர். வாந்திபேதி புகுந்தபோது குடும்பம் குடும்பமாக மடிந்தனர். படம் எள்ளி நகையாடிய அக்கட்டொழுங்கு எத்தனை உயிரைக் காத்ததென்பதை, அஃதில்லாதவரின் இறப்பு வீதமே காட்டுகின்றது.

படத்திலே இவர்களுள் ஒருவரையுங் காணோம். யப்பானியர் நீங்கலாக ஆசிய மக்களாக வருவோர் சீயத்துக் கிராமத்தாரும் சுமை தூக்கும் பெண்களுமே. மாத்தளையார்க்கு இது வேற்றூர்க் கதையன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையூடாக நம்மூரை நோக்கி நடந்தவருட் பலர் அதே நோயால் வழியில் வீழ்ந்தனர். அவர் புறப்பட்ட தமிழகத்து மாவட்டங்களிலிருந்தே மலாயாவுக்கும் கப்பலேறினர்.

காஞ்சனபுரியிலே படையினர்க்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழர்க்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதியுள்ளார். அடுத்த முறை படத்தைக் காட்டியபோது, அந்நாவலின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, பாதையின் வரைபடத்தையும் அருகே தொங்கவிட்டேன்.