எருமைத்தோலில் வரைந்தவர்

1832இல் மிசூரி ஆற்றங்கரையில், பூர்வகுடிகளான மாண்டன் மக்களின் ஊரில், ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியர் தூரிகை எடுத்தார். எதிரே மாட்டோ டோப்பா, அம்மக்களின் தலைவர்களில் ஒருவர். நீண்டு தொங்கும் இறகுகள், தோல் சட்டை, ஈட்டி என்று முழு அலங்காரத்தில் நின்றார். உருவத்தின் எழிலைக் கெடுப்பதாகத் தோன்றிய சில அணிகலன்களைக் கேட்லின் படத்தில் விட்டுவிட்டார். அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

கேட்லினை முற்றாகக் குறைசொல்ல மனம் வரவில்லை. இந்த மக்கள் மறைவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று அவர் பதைத்தது உண்மை. ஆனால் அந்தப் பதைப்புக்குள்ளேயே, இவர்கள் கதை முடிந்துவிட்டது என்ற தீர்ப்பும் இருந்தது. 1837இல் பெரியம்மை வந்து மாண்டன்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டுபோனது. மாட்டோ டோப்பாவும் போனார். எஞ்சியவர்களின் வழிவந்தோர் இன்றும் வடக்கு டகோட்டாவில் வாழ்கிறார்கள்.

மாட்டோ டோப்பாவும் ஓவியர்தான். என்னை மிகவும் பாதிப்பது இதுவே. தாம் கண்ட போர்களை எருமைத்தோல் போர்வையில் வரைந்திருந்தார். அடுத்து வந்த சுவிஸ் ஓவியர் கார்ல் போட்மரின் குழுவினர் காகிதமும் நீர்வண்ணமும் தந்தபோது, செயென் இனத் தலைவன் ஒருவனோடு கைகலந்த காட்சியை அதில் தீட்டினார். எதிரியின் கத்தியைப் பிடுங்கப்போய் அவர் கை கிழிந்தது. வழியும் இரத்தத்தையும் விடாமல் வரைந்தார். வெகுகாலம் இவை இனவரைவியல் பொருளாகவே எண்ணப்பட்டன. கலை என்ற பெயர் கேட்லினுக்கும் போட்மருக்கும் போனது.

அந்தப் பார்வைக்கு மறுமொழிபோல, 2019 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், கனடாவின் கிரீ இன ஓவியர் கென்ட் மான்க்மனின் இரண்டு ஓவியங்கள் ஏறின. ஒவ்வொன்றும் 22 அடி அகலம். ஒன்றில், கடலில் தத்தளித்து வருபவர்களைப் பூர்வகுடிகள் கைகொடுத்துக் கரையேற்றுகிறார்கள். விலங்கு பூட்டிய ஆப்பிரிக்கரும் அவர்களுள் உண்டு. இன்னொன்று, ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடப்பதாக இமானுவேல் லாய்ட்ஸ 1851இல் வரைந்த படத்தை எடுத்துக்கொள்கிறது. வாஷிங்டன் நின்ற இடத்தில் மிஸ் சீஃப் நிற்கிறாள்: உயரக் குதிகால் காலணியும் கையில் கழுகிறகுமாக, மான்க்மன் தமக்கென்று படைத்துக்கொண்ட மறுவுரு. இனத்தின் கடைசி மனிதர்களாக பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா வரைந்த நாட்செஸ் இனத் தம்பதியையும் மான்க்மன் விடவில்லை. தம் கித்தானுக்குள் கொண்டுவந்து மறுபடி வாழவைத்தார்.

அந்தப் பழைய படங்கள் இரண்டும் அதே அருங்காட்சியகத்தின் உடைமை. 2020இல் மான்க்மனின் ஓவியங்களையும் அது தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.