கல்லெறி பொறியும் கனமூலமும்

பண்டைக் கிரேக்க அறிவியல் என்றதும் வட்டமும் கோணமும் வரைந்து வாதிட்டவர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அளந்து, ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து பார்க்கும் சோதனை முறை அங்கே வலுப்பெற்ற இடங்களுள் முக்கியமானது படைக்கலப் பட்டறை. கி.மு. 399இல் சிசிலித் தீவின் சிராக்கூஸை ஆண்ட முதலாம் டயோனிசியஸ், கார்த்தேஜ் மீது போர் தொடுக்கப் பல ஊர்க் கைவினைஞர்களை நல்ல கூலி கொடுத்து வரவழைத்தான். எறிபொறி பிறந்தது அப்போதுதான் என்கிறார் வரலாற்றாசிரியர் டயோடோரஸ்.

தொடக்கத்தில் பெரிய வில்லாக இருந்த பொறி, சில பத்தாண்டுகளில் முறுக்குக் கயிற்றுக்கு மாறியது. மரச்சட்டத்தின் இரு துளைகளில் விலங்குத் தசைநாணையோ முடியையோ நெருக்கமாகக் கோத்து முறுக்குவார்கள். கற்றைக்கு ஒன்றாக மரக்கை செருகி, இரண்டையும் நாணால் இணைத்துப் பின்னிழுத்து விட்டால் கல் பாயும். பெரிய கல்லுக்கு எவ்வளவு பெரிய பொறி வேண்டும் என்பதுதான் சிக்கல். எல்லா அளவுகளும் துளையின் விட்டத்தைச் சார்ந்தவை என்று கண்டுபிடித்தவர்கள் அலெக்சாந்திரியாவின் பொறிவினைஞர்கள். அலெக்சாண்டர் எகிப்தைக் கைப்பற்றி நிறுவிய அந்நகரில், பின்னர் அங்கிருந்து ஆண்ட, புகழை விரும்பிய தாலமி மன்னர்களின் பணம் அவர்களுக்குக் கிடைத்தது. வெறும் சிந்தனையால் இது கைகூடாது, துளையைக் கூட்டியும் குறைத்தும் எறிந்து பார்த்தே தெரிந்தது என்று பைசாண்டியத்தைச் சேர்ந்த ஃபிலோன் எழுதிவைத்திருக்கிறார். அவர் தரும் சூத்திரம் இது: கல்லின் எடையை மினாவில் எடுத்து நூறால் பெருக்கி, கனமூலம் கண்டு, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் துளையின் விட்டம் விரற்கடையில் கிடைக்கும். 10 மினா, அதாவது ஏறத்தாழ 4.4 கிலோ கல்லுக்கு 11 விரற்கடை. 80 மினாவுக்கு 22. எடை எட்டு மடங்கானால் விட்டம் இரண்டு மடங்காகிறது. கிரேக்கர் விட்டுச்சென்ற சான்றுகளில் இதைவிடத் தெளிவான பொறியியல் விதி அரிது.

ஒரு கனசதுரத்தின் பருமனை இரட்டிப்பாக்கும், கனமூலம் வேண்டிய கணக்கைக் கியோஸ் தீவின் கணிதவியலாளர் ஹிப்போகிராட்டிஸ் எறிபொறிக்கு முன்பே ஆராய்ந்தாரே, இதில் போருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி பழையது என்பது உண்மை. ஆனால் மரத்தையும் தசைநாணையும் வீணாக்கித் திரும்பத் திரும்பச் சோதிக்கும் செலவை ஏற்றது அரண்மனைக் கருவூலம். நீர்க்கடிகாரமும் நீரேற்றியும் அமைதிக்கால ஆக்கங்கள்தானே என்றால், அவற்றுக்குப் பேர்பெற்ற க்டெசிபியஸும் அதே அலெக்சாந்திரியாக்காரர். காற்றை அமுக்கி எறியும் பொறியையும் வடிவமைத்தவர். போர் அறிவைப் படைத்தது என்பதல்ல என் வாதம். எந்த அறிவுக்குப் பணமும் பட்டறையும் கிடைக்கும் என்பதை அதுவே பெருமளவு முடிவுசெய்தது. கனசதுரத்தை இரட்டிப்பாக்க ஒரு கருவி செய்த அறிஞர் எரட்டோஸ்தெனிஸ் மூன்றாம் தாலமிக்கு எழுதியதாக வரும் கடிதம், அதன் பயன்களுள் எறிபொறிகளைப் பெரிதாக்குவதையும் மறக்காமல் குறிப்பிடுகிறது.