வொட்காவும் லோ காப்பும்

மொன்றியல் தமிழ்ப் பார்ட்டிகளில் இப்ப ஒரு புதுக் கூட்டம். ரோல்ஸ், சோறு பக்கமே போகாது; பொரிச்ச கோழியும் வொட்கா சோடாவும் போதும். கேட்டால் "லோ காப்" எண்டு பதில்.

கணக்குப் பிழையில்லை. கனடாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்' என்பது 40% வொட்காவில் 43 மில்லி. அதில் மாச்சத்து பூச்சியம், கலோரி கிட்டத்தட்ட 95. ஒரு கப் ஒரேஞ்ச் ஜூஸ் கலந்தால் 25 கிராம் அளவு மாச்சத்து வந்து சேரும். எஸ்ஏக்யூவில் டின்னில் விக்கிற கலவைகளுக்கும் சீனி அளவைப் பாருங்கோ.

பிரச்சினை ஈரலில். அது மதுவைத்தான் முதலில் எரிக்கும். அதுவரை கொழுப்பு காத்திருக்கும், புது குளுக்கோஸ் செய்யிற வேலையும் குறையும். சோறு குறைச்ச ஆளுக்கு ஈரலில் சேமிப்பும் குறைவு. இன்சுலினோ கிளிக்ளசைடோ எடுக்கிறவருக்கு நடு இரவில, ஏன் மறுநாள்கூட, சீனி இறங்கலாம். வியர்வை, தடுமாற்றம், குழறல் எல்லாம் பார்க்கிற ஆக்களுக்கு வெறி மாதிரித்தான் தெரியும்; படுக்க விட்டிடுவினம். (எங்கட குடும்பங்களில் டயபிட்டிஸ் இல்லாத குடும்பம் எது?) எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எண்டால் கீட்டோஅசிடோசிஸ் பயமும் இருக்கு. டொக்டரைக் கேக்காமல் இரண்டையும் சேர்க்கவேண்டாம்.

2023 ஜனவரியில் வந்த கனடிய வழிகாட்டல், வாரத்துக்கு 2 ட்ரிங்க் வரைதான் குறைந்த ஆபத்து என்கிறது. வீட்டில கண்ணளவில ஊத்துற ஒரு கிளாசே அதை முடிச்சிடும்.

சந்தேகமெண்டால் விரலில் குத்திப் பாருங்கோ. 4-க்குக் கீழ எண்டால், நினைவு இருக்கிறவருக்கு முக்கால் கப் ஜூஸ் குடுங்கோ. நினைவு இல்லையெண்டால் வாயில ஒண்டும் ஊத்தாமல் 911.