மாற்று கேட்சர், நான்கு கோப்பைகள்

2014 அக்டோபர் 29, கன்சாஸ் சிட்டி. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான வேர்ல்ட் சீரிஸில் ஏழாவது, கடைசி ஆட்டம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 3-2 என முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் மேனேஜர் ப்ரூஸ் போச்சி பந்தைக் கொடுத்தது மேடிசன் பம்கார்னரிடம். மூன்று நாள் முன்புதான் ஒரு முழு ஆட்டத்தையும் தனியாளாக 117 பந்து வீசி முடித்தவர் அவர். அப்படி வீசிய கைக்கு நான்கு நாளாவது ஓய்வு கொடுப்பதுதான் வழக்கம்.

பம்கார்னர் ரன்னே கொடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட்டான பிறகு, ஃபீல்டர்களின் தடுமாற்றத்தால் எதிரணியான கன்சாஸ் சிட்டி வீரர் ஒருவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிட்டார். இன்னும் ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் சமன். அப்போதும் போச்சி பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, மாற்றவில்லை. அடுத்தவர் அடித்த பந்து மேலே எழும்பி, ஜயன்ட்ஸ் ஃபீல்டர் பாப்லோ சாண்டோவாலின் கையில் விழுந்தது. கோப்பை ஜயன்ட்ஸுக்கு.

பேஸ்பாலில் வெளியே எடுத்த வீரரைத் திரும்ப இறக்க முடியாது. எனவே பிட்சரை எப்போது மாற்றுவது என்பதுதான் மேனேஜரின் பெரிய தலைவலி. போச்சிக்கு அந்தக் கணக்கு பிடிபட்டதற்கு அவர் ஆடிய இடமும் ஒரு காரணம்.

1955-ல், அமெரிக்க ராணுவ வீரரின் மகனாகப் பிரான்ஸில் பிறந்தவர் போச்சி. 1978 முதல் 1987 வரை ஆஸ்ட்ரோஸ், மெட்ஸ், பாட்ரெஸ் அணிகளில் ஒன்பது சீசன் மாற்று கேட்சராக ஆடினார். களமிறங்கியதோ 358 ஆட்டங்கள்தான், பேட்டிங் சராசரி .239.

கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பவர் கேட்சர். களம் முழுவதையும் எதிரே பார்ப்பவர் அவர் ஒருவரே. எந்தப் பந்து வீசலாம் என்று அந்நாளில் தொடையிடுக்கில் விரல் காட்டிச் சொன்னவரும் அவர்தான். மாற்று கேட்சருக்கு இன்னொரு வேலையும் உண்டு: அடுத்து இறங்கவிருக்கும் பிட்சர்களின் பந்தைப் பிடித்து, அவர்களைத் தயார்செய்வது. யார் கையில் தெம்பிருக்கிறது, யாருக்குப் படபடப்பு என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஓய்வுக்குப் பின் போச்சி நேரே பெரிய நாற்காலியில் உட்காரவில்லை. 1989 முதல் நான்கு ஆண்டு சிறிய லீக் அணிகளை நடத்தினார். பிறகு பாட்ரெஸில் மூன்றாவது பேஸ் பயிற்சியாளர். 1995-ல் அதே அணியின் மேனேஜர். 2007-ல் ஜயன்ட்ஸுக்கு மாறினார்.

அங்கே பெரிய பெயர்களுக்கு அவர் சலுகை காட்டவில்லை. பேரி ஜீட்டோ 12.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த பிட்சர். 2010 பிளேஆஃபில் ஒரு சுற்றில்கூட அவருக்கு இடமில்லை. அவர் இல்லாமலே ஜயன்ட்ஸ் கோப்பை வென்றது. 2012-ல் அதே ஜீட்டோவிடம், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தை ஒப்படைத்தார். அதையும், அடுத்து வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தையும் ஜீட்டோ வென்று கொடுத்தார். அதே ஆண்டு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இருமுறை பெற்ற டிம் லின்சிகமை நடுவில் வந்து வீசும் பிட்சராக்கினார் போச்சி. இரண்டாவது கோப்பையும் வந்தது.

2019-ல் விடைபெற்றபோது அவர் கணக்கில் 2,003 வெற்றி, 2,029 தோல்வி. மூன்று கோப்பை வாங்கியவருக்கு வெற்றியைவிடத் தோல்வி அதிகம்!

மூன்று சீசன் கழித்து டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை அழைத்தது. 2010-ல் அவரிடமே வேர்ல்ட் சீரிஸைப் பறிகொடுத்த அணி. 1961-ல் தொடங்கியும் கோப்பையைத் தொடாத அணி. 2022-ல் 94 ஆட்டங்களில் தோற்ற அணி. 2023 பிளேஆஃபில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்று, ரேஞ்சர்ஸ் முதல்முறையாகச் சாம்பியன் ஆனது. குறைந்தது நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்ற மேனேஜர்கள் வரிசையில் போச்சி ஆறாவது ஆள்.